தரை மட்டம் வேறு, விமானத்தின் மட்டம் வேறு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஓர் இரண்டு இருக்கை இலகுரக விமானம் வாங்கி, ஜோகூரில் ஒரு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிறுத்தியிருக்கிறீர்கள். வார இறுதிகளில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்ப் பறக்கிறீர்கள். சில மாதங்களாகக் கருவிப் பலகை வலப்பக்கம் இறங்கியிருப்பதுபோல் கண்ணுக்குப் படுகிறது. விமானம் தரையில் சும்மா நிற்கும்போதே, பலகையில் விமானத்தின் சாய்வைக் காட்டும் மின்னணுத் திரை 2 டிகிரி வலச்சாய்வு காட்டுகிறது. திரையின் அமைப்புப் பக்கத்தில் மட்டத்தைச் சுழியாக்கும் (பூஜ்யமாக்கும்) வசதி ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் போதுமா, பலகையைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு அதை அழுத்தாதீர்கள். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. முதலில் செய்தால், எது கோணலாக இருக்கிறதோ அது அப்படியே இருக்க, திரை மட்டும் நேராகப் பேசத் தொடங்கிவிடும். பிறகு பிழை எங்கே இருந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நான் சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விமான மின்னணுக் கருவிகள் பொருத்தும் வேலை பார்த்தவன். பெரிய விமானங்களைவிடச் சிறிய விமானங்களில்தான் இந்த மட்டப் பிரச்சினையை அதிகம் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. அமெரிக்காவில் 2004இல் இந்த வகை விமானங்களுக்கென்று தனி விதி வந்தபோது, நிலத்திலிருந்து பறப்பவற்றுக்குப் புறப்படும்போது அதிகபட்சம் 600 கிலோ என்று எடை வரம்பு வைத்தார்கள். இரண்டு பேர், எரிபொருள், இயந்திரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு கிராமையும் எண்ணுகிறார்கள். கருவிப் பலகை என்பது பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள அலுமினியத் தகடு. அல்லது கார்பன் இழைப் பலகை. அதை நாலைந்து இடங்களில் ரப்பர் மவுண்ட் அல்லது சிறு தாங்கிகள் பிடித்திருக்கும். அவ்வளவுதான். அதில் பெரிய திரை, வானொலி, டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்கு விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் கருவி) எல்லாவற்றையும் தொங்கவிடுகிறோம்.

2 டிகிரி என்பது சின்ன விஷயம் என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வெயில் அடிக்கும் காலையில், தொடுவானம் கோடு போட்டதுபோல் தெரியும்போது அது சின்ன விஷயம்தான். கண் வெளியே பார்க்கும். கை தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆனால் நம் பக்கத்து வானத்தை நீங்கள் அறிவீர்கள். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சாதாரணப் புகைமூட்டத்திலேயே ஜோகூர் கடற்கரையைத் தாண்டினால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்போது விமானிக்குத் தொடுவானம் என்று இருப்பது அந்தத் திரை ஒன்றுதான். அது 2 டிகிரி பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் 1 டிகிரி சாய்வில் ஒரு விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 டிகிரி திரும்பும். 2 டிகிரி என்றால் சுமார் 23 டிகிரி. இறக்கை மட்டமாக இருக்கும்போதே திரை 2 டிகிரி வலச்சாய்வு காட்டினால், நீங்கள் திரையைச் சுழிக்குக் கொண்டுவருவதற்காக விமானத்தை 2 டிகிரி இடப்பக்கம் சாய்ப்பீர்கள். நேராகப் போகிறோம் என்ற நம்பிக்கையிலேயே நான்கு நிமிடத்தில் ஏறத்தாழச் செங்கோணத்துக்குத் திரும்பியிருப்பீர்கள். திசை எண் மாறுவதைக் கவனிப்பவர் தப்பிப்பார். புகைமூட்டத்தில் பதற்றத்தோடு இருப்பவர் கவனிப்பார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

சரி, பிழை எங்கே இருக்கிறது? இதற்கு நீங்கள் எழுதாத ஒரு தகவல் வேண்டும். விமானத்தின் சாய்வை உணரும் பெட்டி, எங்கள் தொழிலில் ஏஹார்ஸ் என்று சொல்வது, உங்கள் திரைக்குள்ளேயே இருக்கிறதா, தனிப் பெட்டியாக வேறு எங்காவது, இருக்கைக்குப் பின்னாலோ வால்பகுதியிலோ, இருக்கிறதா? இதைப் பொறுத்து எல்லாமே தலைகீழாக மாறும்.

உணரி திரைக்குள் இருந்தால், பலகை வலப்பக்கம் இறங்கினால் உணரியும் சேர்ந்து இறங்கும். திரை வலச்சாய்வு காட்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: திரையே 2 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்க, அதற்குள் வரையப்படும் தொடுவானக் கோடு திரையின் விளிம்பைப் பொறுத்து 2 டிகிரி எதிர்ப்பக்கம் சாயும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, கோடு வெளியே தெரியும் உண்மையான தொடுவானத்துக்கு இணையாகவே நிற்கும். மேலே உள்ள சாய்வுக் குறிமுள் மட்டும் 2 என்று காட்டும். கோட்டைப் பார்ப்பவர் எல்லாம் சரி என்பார். முள்ளைப் பார்ப்பவர் தவறு என்பார்.

உணரி தனிப் பெட்டியாக இருந்தால், பலகை எப்படிக் கோணியிருந்தாலும் அளவு மாறாது. முள் சுழியில் நிற்கும். வரைந்த கோடுதான் வெளித் தொடுவானத்தோடு ஒட்டாமல் கோணலாகத் தெரியும். அப்படிப்பட்ட அமைப்பில் பலகையும் சாய்ந்து, அளவும் 2 டிகிரி காட்டுகிறது என்றால் உங்களிடம் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, அல்லது விமானமே 2 டிகிரி சாய்ந்து நிற்கிறது. கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஏனென்றால் ஹேங்கர் தரையை நம்ப முடியாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. எந்த ஹேங்கர் தரையிலும் தண்ணீர் வடிகால் பக்கம் ஓடுவதற்கு வாட்டம் கொடுத்துத்தான் கான்கிரீட் போடுவார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டமே அரை டிகிரிக்கு மேல், 0.57 டிகிரி. அதோடு ஒரு பக்கச் சக்கரத்தில் காற்று குறைந்து விமானம் அந்தப் பக்கம் 2 சென்டிமீட்டர் தாழ்ந்தால், இரு சக்கரங்களுக்கும் இடையே 1.9 மீட்டர் தூரம் உள்ள விமானத்தில் அது 0.6 டிகிரி. இறக்கையில் எரிபொருள் ஒரு பக்கம் அதிகமாக இருந்தால் வளைந்துகொடுக்கும் கால் இன்னும் கொஞ்சம் இறங்கும். மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் 2 டிகிரி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதே இல்லை.

இளம் வயதில் நான் செய்த தவறு இதுதான். ஒரு சிறிய விமானத்தில் சறுக்கல் பந்து, அதாவது விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் வளைந்த குழாய்க்குள் உருளும் குண்டு, நடுவில் நிற்கவில்லை என்று புகார் வந்தது. ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்துப் பார்த்தேன். குமிழி ஓரத்தில் நின்றது. கருவியின் திருகுகளைத் தளர்த்தி, பந்து நடுவுக்கு வரும்வரை திருப்பி இறுக்கினேன். வேலை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டேன். மறுநாள் விமானி திரும்பி வந்து, முன்னைவிட மோசம் என்றார். விமானம் நின்ற இடம் வடிகாலுக்குப் பக்கத்தில். அதற்குமுன் இருந்த உண்மைப் பிழை கால் டிகிரி. நான் அதன்மேல் தரையின் வாட்டத்தையும் ஏற்றி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து விமானத்தை மட்டமாக்காமல் அதற்குள் எந்தக் கருவியையும் தொட்டதில்லை.

ஆகவே முதல் வேலை, விமானத்தை அதன் சொந்தக் கணக்கின்படி மட்டமாக நிறுத்துவது. ஒவ்வொரு விமானத்துக்கும் தயாரித்தவர் ஒரு மட்டக் குறியீடு கொடுத்திருப்பார். எடையும் சமநிலையும் பார்க்கும் பகுதியில் எழுதியிருக்கும். செஸ்னா 172இல் வால்கூம்பின் இடப்பக்கம் அதற்கென்றே இரண்டு திருகுகள் உண்டு. அவற்றின்மேல் ரசமட்டத்தை வைத்தால் நெடுக்கு மட்டம் கிடைக்கும். வேறு பல விமானங்களில் விமானி அறையின் இரு ஓரங்களிலும் ஓடும் நீள்சட்டமே அளவுகோல். குறுக்கு மட்டத்துக்கு இறக்கைத் தண்டு உடலைக் கடந்து போகும் இடம், அல்லது இடமும் வலமும் ஒத்த இரு நீள்சட்டங்களின் மேல் குறுக்கே வைத்த நேர்சட்டம். உங்கள் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள். கருவிப் பலகையின் மேல்விளிம்பு, இருக்கை, தரைவிரிப்பு, கதவு விளிம்பு இவை எதுவும் அளவுகோல் ஆகாது. பலகையைச் சோதிக்கப் பலகையையே அளவுகோலாக வைப்பது, சந்தேகப்படும் ஆளையே சாட்சிக்கு அழைப்பதுபோல்.

கருவி என்ன வேண்டும்? ஜாலான் புசார் பக்கம் உள்ள இரும்புச் சாமான் கடைகளில் எண்கள் காட்டும் சாய்வுமானி கிடைக்கும். 0.1 டிகிரி வரை காட்டுவதாக இருந்தால் போதும். கைப்பேசிச் செயலி வேண்டாம். கேமரா மேடு, உறை, ஓரத்தின் வளைவு எல்லாம் குறுக்கே வரும். நல்ல சாய்வுமானியையும் அப்படியே நம்பாதீர்கள். ஓர் இடத்தில் வைத்து அளவைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடியும் பாருங்கள். முதலில் கூட்டல் 0.6, திருப்பினால் கழித்தல் 0.2 என்று வந்தால், மானியின் பிழை 0.2, உண்மையான சாய்வு 0.4. திருப்பிப் பார்க்காத அளவை நான் அளவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் குறுக்கு மட்டத்துக்கு எனக்குப் பிடித்த கருவி அதுவல்ல, தண்ணீர்க் குழாய். சிலேத்தாரில் எங்கள் ஹேங்கருக்குப் பக்கத்தில் புதிய கட்டடம் எழும்பியபோது, அங்கே வேலை செய்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, முப்பது மீட்டர் தள்ளி இருந்த இரு தூண்களில் ஒரே மட்டத்தைக் குறிப்பதைப் பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு முனையை மூடிக்கொண்டு நடந்தார். தூணருகே போனதும் விரலை எடுத்தார். தண்ணீர் ஒருமுறை ஏறி, இறங்கி, மெல்ல ஆடி நின்றது. அது முழுவதும் நின்ற பிறகுதான் பென்சிலால் கோடு போட்டார். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் முழு அளவும் வீண் என்று சொன்னார். அந்த வாரமே ஒரு குழாய் வாங்கிவந்தேன்.

விமானத்தில் அதன் அருமை எங்கே என்றால், இறக்கையின் முனைகளில். இறக்கையின் மொத்த நீளம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 டிகிரி சாய்வுக்கு இரு முனைகளுக்கும் இடையே 157 மில்லிமீட்டர் உயர வேறுபாடு வரும். குழாயில் 3 மில்லிமீட்டரைச் சுலபமாகப் படிக்கலாம். அதாவது 0.02 டிகிரி. நான் சொன்ன 0.1 டிகிரிச் சாய்வுமானி அந்த அளவுக்குச் சொல்லாது. இரு பக்கமும் ஒரே விலா எலும்புக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் உள்சட்டத்துக்கு) நேர்கீழே, ஒரே ஆணியைக் குறித்துக்கொண்டு அளந்தால் போதும். இறக்கை முனை காட்டும் மட்டமும் உடலின் நடுவில் சாய்வுமானி காட்டும் மட்டமும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் இறக்கை பொருத்தப்பட்ட விதத்திலேயே ஏதோ இருக்கிறது. அப்போது கருவிப் பலகையை மறந்துவிட்டு, உரிமம் பெற்ற பொறியாளரை அழையுங்கள்.

அளக்கும் முன் இரு சக்கரங்களிலும் கையேட்டில் சொன்ன காற்றழுத்தம் வையுங்கள். எரிபொருளை இரு பக்கமும் சமமாக்குங்கள். ஹேங்கர்க் கதவைச் சாத்தி, பெரிய மின்விசிறியை நிறுத்துங்கள். 300, 350 கிலோ எடையுள்ள விமானம் காற்றுக்கு ஆடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து உயர்த்துங்கள். முன்சக்கரத்தையும் அப்படியே சரிசெய்து நெடுக்கு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சக்கரங்களுக்குத் தடைக்கட்டை போட மறக்க வேண்டாம். யாரும் உள்ளே உட்காரக் கூடாது. உள்ளே ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பக்கக் கால் இறங்கி, நீங்கள் பாடுபட்டுச் செய்த மட்டம் போய்விடும். திரையை இயக்க வேண்டுமானால் வெளியிலிருந்து கைநீட்டித்தான்.

இப்போது விமானம் மட்டமாக நிற்கிறது. திரையைப் போடுங்கள். அது சுழி காட்டினால் உங்கள் பிரச்சினை தரையில்தான் இருந்தது. உணரியைத் தொட வேண்டாம். இன்னும் சாய்வு காட்டினால் தொடர்ந்து படியுங்கள்.

பலகையை அளக்க, நீள்சட்டங்களிலிருந்து பலகையின் இடக்கீழ் மூலைக்கும் வலக்கீழ் மூலைக்கும் உள்ள உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள பலகையில் 1 டிகிரி என்றால் இரு மூலைகளுக்கும் 17 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அது கண்ணுக்கே தெரியும். வித்தியாசம் அதைவிட மிகக் குறைவாக இருந்தும் கண்ணுக்குச் சாய்வாகத் தெரிந்தால், கண்தான் ஏமாறுகிறது. நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து, வளைந்த மேல்மூடியின் கீழ் பலகையின் வலக்கோடியைச் சரிந்த கோணத்தில் பார்க்கிறீர்கள். மூடியின் வளைவு வலப்பக்கம் இறங்குவதால் பலகையும் இறங்குவதுபோல் இருக்கும்.

பலகை உண்மையிலேயே இறங்கியிருந்தால், அது ஏன் இறங்கியது என்று தெரியாமல் அதைத் தூக்கிக் கட்டாதீர்கள். நான் பார்த்தவற்றில் இரண்டு காரணங்களே அதிகம். ஒன்று, ரப்பர் மவுண்ட். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ரப்பர் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் அல்லது வெடித்துவிடும். திரையின் எடை அதிகமாக உள்ள பக்கம் முதலில் இறங்கும். தளர்ந்ததை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுங்கள். புதியது ஒன்றும் பழையது மூன்றும் சேர்ந்தால் பலகை வேறு பக்கம் கோணும். ரப்பரில் தொங்கும் பலகைக்கு மின்தொடர்பு தரும் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று இருக்கும். பழுது பார்ப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறப்பது நிறைய நடக்கிறது. அது இல்லாவிட்டால் வானொலியில் இரைச்சலும் கருவிகளில் விளங்காத கோளாறுகளும் வரும்.

இரண்டாவது காரணம், மனிதர்களின் கை. இந்த விமானங்களில் இருக்கை தாழ்வாக இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் பயணி பிடித்துக்கொள்ள எதையாவது தேடுவார்; கைக்கு முதலில் கிடைப்பது பலகையின் மேல்விளிம்பு. வலப்பக்க இருக்கையில் எப்போதும் விருந்தினர்தான் உட்காருவார்கள். 80 கிலோ எடையுள்ள ஒருவர் அதைப் பிடித்து எழுந்தால் தாங்கி வளையும், திருகுத் துளை நீளும். உங்கள் பலகை வலப்பக்கம் இறங்கியிருப்பதாகச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். வலப்பக்கத் தாங்கியின் மூலைகளைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வண்ணம் மயிரிழைபோல் வெடித்திருந்தால் அங்கே உலோகம் வளைந்திருக்கிறது. நீண்டுபோன துளையில் பெரிய வாஷர் போட்டு இறுக்குவது பழுது பார்த்ததாகாது. சில மணி நேரப் பறப்பில் மறுபடியும் நழுவும்.

இந்த இடத்தில் அனுமதி பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் முழுதாகக் கட்டிச் சான்றிதழ் பெற்ற இலகுரக விமானமானால், தாங்கியை மாற்றுவது, வடிவத்தைத் திருத்துவது போன்றவற்றுக்குத் தயாரித்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டியிருக்கும். வீட்டில் கட்டியதானால் விதி தளர்வு. உங்களுடையது எந்த வகை, எந்த நாட்டில் பதிவானது என்று பார்த்து, அந்த நாட்டு ஆணையத்தின் விதிப்படி நடங்கள். செய்த வேலை பதிவேட்டில் ஏற வேண்டும்.

பலகையை மாட்டிய பிறகு, அடுத்தது கருவி. பழைய வகைச் சுற்றும் கைரோ (வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு சாய்வைக் காட்டும் கருவி) இருந்தால் அதையும் சரிபாருங்கள். அந்தக் கருவிகளுக்கான பெரிய துளை 3⅛ அங்குலம், அதாவது சுமார் 79 மில்லிமீட்டர் விட்டம். அந்த அகலத்தில் 1 டிகிரி என்பது 1.4 மில்லிமீட்டர்தான். திருகுத் துளையின் தளர்விலேயே அவ்வளவு இருக்கும். ஆகவே திருகுகளை முழுவதும் இறுக்காமல், விமானம் மட்டமாக இருக்கும்போது பந்தோ தொடுவானமோ நடுவுக்கு வரும்வரை மெதுவாகத் திருப்பி, பிறகு எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். பலகை முன்னோக்கிச் சரிந்திருக்கும் விமானங்களுக்கு அந்தச் சரிவுக்கேற்ற கைரோவையே வாங்க வேண்டும். 8 டிகிரிச் சரிவுக்கென்று செய்த கருவியை நிமிர்ந்த பலகையில் போட்டால் மூக்கு எப்போதும் தவறான இடத்தில் தெரியும்.

மின்னணுத் திரையானால், இப்போதுதான் அந்தச் சுழியாக்கும் வசதியின் நேரம். விமானம் குறுக்கும் நெடுக்கும் மட்டம், பலகை நேர், உணரிப் பெட்டி இறுக்கம். அழுத்துங்கள். பிறகு அது எவ்வளவு திருத்தம் எடுத்துக்கொண்டது என்ற எண்ணைப் பாருங்கள். பல அமைப்புகளில் அது தெரியும். அரை டிகிரி என்றால் சாதாரணம். 3, 4 டிகிரி என்றால் நிறுத்துங்கள். ஏதோ ஒன்று இன்னும் கோணலாக இருக்கிறது.

சுழியாக்கும் வசதி ஒருபோதும் கண்டுபிடிக்காத ஒரு கோணல் உண்டு. இதைப் பலர் தவறவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உணரி, விமானத்தின் மூக்கு நோக்கும் திசையில் நேராக நோக்காமல் இடமாகவோ வலமாகவோ திரும்பி உட்கார்ந்திருக்கலாம். விமானிக்கு வசதியாக இருக்கட்டும் என்று திரையை அவர் பக்கம் சற்றுத் திருப்பிப் பொருத்திய பலகைகளில் இது நடக்கும். தரையில் மட்டமாக நிற்கும்போது புவியீர்ப்பு நேர்கீழே இருப்பதால், உணரிக்குத் தான் பக்கவாட்டில் திரும்பியிருப்பது தெரியாது. எல்லாம் சுழியாகவே காட்டும். மேலே ஏறும்போதுதான் வெளிப்படும். 5 டிகிரி திரும்பிய உணரியோடு மூக்கை 10 டிகிரி உயர்த்தினால், இறக்கை மட்டமாக இருந்தும் திரை ஏறத்தாழ 0.9 டிகிரி சாய்வு காட்டும். இறங்கும்போது அதே சாய்வு எதிர்ப்பக்கம் வரும். தானியங்கி விமானி இருந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு பக்கம் இழுக்கும்.

இதைத் தரையிலேயே பிடிக்கலாம். விமானம் மட்டமாக இருக்கும்போது ஒருவர் வால்பகுதியில், கையேடு கைவைக்க அனுமதிக்கும் இடத்தில் மட்டும், மெதுவாக அழுத்தி மூக்கை உயர்த்தட்டும். மற்றொருவர் இறக்கை முனை உயரங்களைப் பார்க்கட்டும். முனைகள் சமமாக இருக்க, திரையில் சாய்வு மாறினால் உணரி திரும்பியிருக்கிறது. அதைப் பொருத்திய இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, பெட்டியின் விளிம்பை அந்த நூலுக்கு ஒட்டுங்கள். திரை விமானியை நோக்கித் திரும்பியே இருக்க வேண்டுமானால், தயாரித்தவர் கொடுத்திருந்தால் தனி உணரிப் பெட்டியைப் போடுங்கள்.

நெடுக்கு அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரே விமானம் வேகத்தையும் எடையையும் பொறுத்து மூக்கை ஏற்றியும் இறக்கியும் பறக்கும். விமானத்தைத் தயாரித்தவர் சொன்ன நெடுக்கு மட்டத்துக்கே உணரியைச் சுழியாக்குங்கள். பயண வேகத்தில் குறி சற்று மேலே நின்றால், திரையில் விமானக் குறியை ஏற்றி இறக்கும் வசதியால் சரிசெய்துகொள்ளுங்கள். பறந்துகொண்டே உணரியின் அடிப்படைச் சுழியை மாற்றுவதை நான் விரும்புவதில்லை.

பலகையைக் கழற்றி மாட்டியவர் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும். காற்றழுத்தக் குழாய்கள் மடிந்திருக்கிறதா, பிரிந்ததை மாட்டினால் கசிவுச் சோதனை செய்தீர்களா? திராட்டில் கம்பி முழு தூரம் தடையின்றிப் போகிறதா? கட்டுப்பாட்டுக் கம்பை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள், கம்பிக்கட்டு எதிலும் உரசக் கூடாது. இறுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலும் அடையாள வண்ணத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த மாதம் கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. திசைமானிக்குப் பக்கத்தில் எஃகுத் திருகு போடாதீர்கள், பித்தளை போடுங்கள். பலகையில் எதை இடம் மாற்றினாலும் திசைமானியை மறுபடியும் சுற்றிச் சோதித்து, 30 டிகிரிக்கு ஒன்றாகத் திருத்த அட்டை எழுத வேண்டும். நம் பக்கத்தில் ஒரு வசதி: இங்கே காந்த வடக்கும் மெய் வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வரைபடத்திலிருந்து எடுத்த திசையோடு நேரடியாக ஒப்பிடலாம்.

கடைசிச் சோதனை வானத்தில். காலையில் காற்று அசையாத நேரம் நல்லது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலை ஒட்டி வரும் சுமத்ராப் புயல்மழை உண்டு, அதைப் பார்த்துப் புறப்படுங்கள். தொடுவானம் தெளிவாகத் தெரிய வேண்டும். பயண வேகத்தில் நேராகப் பறங்கள். ஏறும்போது இந்தச் சோதனை செய்யக் கூடாது. முழுச் சக்தியில் புரொப்பெல்லரின் காற்றும் இழுப்பும் விமானத்தை ஒரு பக்கம் தள்ளும். ரோட்டாக்ஸ் 912 பொருத்திய விமானமானால் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு அருகில் சீராக வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கல் பந்தை நடுவில் வைத்து, திசை எண் ஒரு நிமிடம் முழுவதும் மாறாமல் பிடியுங்கள். பந்து நடுவில், திசை நிலை என்றால் இறக்கை மட்டமாக இருக்கிறது. அந்த நேரத்தில் திரை காட்டும் சாய்வே உங்கள் மீதிப் பிழை. எதிர்த்திசையில் திரும்பி அதையே மறுபடியும் செய்யுங்கள். இரண்டும் அரை டிகிரிக்குள் இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

வெளித் தொடுவானத்தைப் பார்த்து இறக்கையை மட்டமாக வைத்து, திசையும் நிலையாக இருக்கும்போது பந்து மட்டும் ஓரத்தில் நின்றால், முதலில் பந்தைப் பொருத்திய விதத்தைச் சந்தேகியுங்கள். தரையில் மட்டமாக நிற்கும்போது அது சரியாக நடுவில் இருந்தது உறுதியென்றால், சுக்கானின் சமன்தகட்டையும் இறக்கைப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். அதைத் திரையின் அமைப்புப் பக்கத்தில் தீர்க்க முயலாதீர்கள்.

உணரி எங்கே இருக்கிறது, விமானத்தை மட்டமாக்கியதும் திரை என்ன காட்டியது, பலகையின் இரு கீழ்மூலைகளின் உயரம் என்ன, வாலை அழுத்தியபோது சாய்வு மாறியதா: இந்த நான்கையும் குறித்து எழுதுங்கள். வலப்பக்கத் தாங்கியின் மூலையைப் படம் எடுத்தும் அனுப்புங்கள். அதுவரை, தொடுவானம் கண்ணுக்குத் தெரியாத நாளில் அந்த விமானத்தை எடுக்க வேண்டாம், தம்பி.